பாதி வழியில் அடைபடும் கல்விக் கதவு

ஏழை மாணாக்கனுக்கு உபகாரச் சம்பளம் அளிப்பதைத் தர்மம் என்றே பலரும் எண்ணி வருகின்றனர். அது வெறும் தர்மமேயானால், கொடுப்பவர் மனம் மாறும் அன்று மாணாக்கன் கதி யாது? அமெரிக்க ஐக்கிய நாட்டில் டெக்ஸாஸ் மாகாணத்தின் சரித்திரம் இதற்கு விடை கூறுகிறது.

மெக்ஸிகோ முதலிய தேசங்களிலிருந்து பிழைப்பை நாடி அங்கே குடியேறியவர்களில் பலரிடம் அநுமதிப் பத்திரம் இல்லை. அத்தகையோரின் குழந்தைகளுக்காகப் பள்ளிகளுக்குப் பொருளுதவி கிடையாதென்று 1975-இல் அம்மாகாணச் சட்டசபை விதித்தது. 1977-இல் டைலர் நகரப் பள்ளி நிர்வாகம், அக்குழந்தை ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 1,000 டாலர் செலுத்த வேண்டுமென்றது. கூலிவேலை செய்யும் தகப்பன் அவ்வளவு பணத்துக்கு எங்கே போவான்? வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பெற்றோரின் செய்கைக்காகக் குழந்தையைத் தண்டித்தல் நியாயமன்றென்று, 1982 ஜூன் 15-இல், ஒன்பது நீதிபதிகளில் ஐவர் தீர்ப்பளித்தனர். பள்ளிக் கதவு திறந்தது.

ஆனால் அத்தீர்ப்பின் பாதுகாப்பு கலாசாலை வாயில் வரை எட்டவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சியில் அமர்ந்திருந்த இருவரில், ஒருவனுக்கு மத்திய சர்க்காரின் பெல் உதவி நிதி உண்டு, பத்திரமில்லாதவனுக்கு இல்லை. வெளி மாகாணத்தாருக்குரிய அதிகக் கட்டணமும் அவன் தலையில் விழும்.

இக்குறையைப் போக்க முதலில் முன்வந்ததும் டெக்ஸாஸே. அங்கு மூன்றாண்டுகள் வசித்துப் பள்ளிப் படிப்பை முடித்தவர் உள்ளூராருக்குரிய கட்டணமே செலுத்தலாமென்று, 2001-இல் ஏறக்குறைய ஒருமனதாகச் சட்டம் இயற்றியது. 2014-இல், வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையின் முன்னாள் வெளியீட்டாளர் டொனால்ட் கிரகாம் முதலியோர், இம்மாணாக்கருக்கென்றே 'தி டிரீம்.யூஎஸ்' என்னும் உபகார நிதியை நிறுவினர்.

2025 ஜூன் 4-இல் மத்திய சர்க்கார் அச்சட்டத்தின்மீது வழக்குத் தொடுத்தது. மாகாண சர்க்கார் எதிர்வாதம் செய்யாமல் அன்றே இணங்கிற்று. நீதிமன்றமும் அன்றே சட்டத்தை நிறுத்திற்று. வாதியும் பிரதிவாதியும் கைகோத்து நின்ற அவ்வழக்கில் மாணாக்கனுக்காகப் பேச அன்று ஒருவருமில்லை.

பொதுப்பணம் அயலானுக்கு ஏன் என்று கேட்போர் உண்டு. பன்னிரண்டு வருஷம் பொதுப்பணத்தில் கற்பித்துவிட்டு, பயன் தரும் தறுவாயில் நிறுத்துவது என்ன சிக்கனம்? நீரூற்றி வளர்த்த பயிரைக் கதிர் முற்றுமுன் காயவிடுவதற்கு ஒப்பாகும் அது.

தனவந்தர் நிதி போற்றத்தக்கதே. எனினும் அது சிலரைத் தேர்ந்தெடுத்துத்தான் காக்க இயலும். அனைவரையும் காப்பது சட்டம். அச்சட்டமும் இருபத்து நான்கு வருஷம் இருந்து ஒரே நாளில் மறைந்தது. ஆதலின், சட்டத்தைப் பெற்றதோடு உழைப்பு முடிந்ததென்று பொதுநல ஊழியர் எவரும் அயர்ந்திருத்தல் தகாது.