வெள்ளம் வடிந்த வீட்டில் முதல் வாரம்

வேடந்தாங்கல் பக்கத்து ஊர்களில் தண்ணீரை யாரும் பகையாக நினைப்பதில்லை. ஏரி நிறைந்தால்தான் பறவை இறங்கும். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் நெல் தளதளவென்று நிற்கும். அதனால்தான் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸிடம் முறையிட்டுப் பறவைகளுக்குப் பாதுகாப்பு வாங்கினார்கள் இந்த ஊர்க்காரர்கள். தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருப்பதும் அந்தப் பாசத்தில்தான்.

ஆனால் வயலுக்கு உரமான அதே தண்ணீர் கிணற்றில் இறங்கினால் நஞ்சு. ஏரி கலங்கல் வழிந்து தெருவுக்கு வரும்போது எருக்குழி, கழிவறைத் தொட்டி, செத்த கோழி எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டுதான் வருகிறது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியதை செங்கல்பட்டு மாவட்டம் மறக்கவில்லை. மழை நிற்கும்வரை எல்லோரும் உஷாராகத்தான் இருப்பார்கள். தண்ணீர் வடிந்து, “அப்பாடா” என்று வீட்டுக்குள் கால் வைக்கும்போதுதான் கவனம் தப்புகிறது.

உள்ளே போகும்போது தரையில் ஈரம் இருந்தால் மெயின் சுவிட்சைத் தொடாதீர்கள். மின்வாரிய ஆளோ எலக்ட்ரீஷியனோ பார்த்த பிறகு போடலாம். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987.

பாம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வளையில் தண்ணீர் புகுந்ததும் அது மேடு தேடும். உங்கள் விறகுக் குவியலும், மூட்டை அடுக்கும், சுருட்டி வைத்த பாயும்தான் அதற்கு மேடு. கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடும், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி இருக்காது, வீக்கமும் இருக்காது, பல்தடம்கூடச் சரியாகத் தெரியாது. “ஏதோ பூச்சி கடிச்சிருக்கும்” என்று திரும்பிப் படுத்துவிடுவார்கள். விடிவதற்குள் வயிற்றுவலி வரும், இமை தொங்கும், எச்சில் விழுங்க முடியாது. அப்போது ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள். கடிபட்ட கை காலை எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல் பலகை வைத்து அசையாமல் கட்டுங்கள். மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றிவிடுங்கள். இறுக்கிக் கயிறு கட்டுவதும், கீறி ரத்தம் எடுப்பதும், பச்சிலைக்காக அலைவதும் உயிரைக் குடிக்கும். பாம்பை அடித்து எடுத்துப் போக வேண்டியதில்லை. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான், அரசு மருத்துவமனையில் இலவசம். அந்த மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதியை எடுத்துத் தருபவர்கள் யார்? 1978இல் தொடங்கி, மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இயங்கும் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்து இருளர் பழங்குடியினர். நாடு முழுக்க உயிர் காப்பாற்றும் கைகள் அவை.

அடுத்தது கிணறு. கலங்கிய தண்ணீரை இறைத்துத் தள்ளிவிட்டு, ஊறி வரும் தெளிந்த தண்ணீருக்கு பிளீச்சிங் பவுடர் போடுங்கள். வழக்கமான கணக்கு ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம். இரண்டு மீட்டர் அகலமான வட்டக் கிணற்றில் மூன்று மீட்டர் தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 9,400 லிட்டர், அதற்கு 24 கிராம். தண்ணீர் கலங்கியிருந்தால் இந்த அளவு போதாது. நமத்துப்போன பவுடரும் வேலை செய்யாது. ஆகவே சுகாதார ஆய்வாளரைக் கூப்பிட்டுக் குளோரின் மீதம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை குடிக்கிற தண்ணீர் தளதளவென்று கொதித்ததாக இருக்கட்டும். வீடு கழுவும்போது பிளீச்சிங் பவுடரோடு கழிவறை ஆசிட்டைக் கலந்துவிடாதீர்கள். கிளம்பும் வாயு மூச்சை அடைக்கும்.

அரிசி மூட்டையின் மேல்பக்கம் காய்ந்திருக்கும். அடியில் கை விட்டால் பிசுபிசுவென்று ஒட்டும், புளித்த வாடை வரும். வெயிலில் உலர்த்தி வைத்துக்கொள்ளலாம் என்றுதான் மனசு சொல்லும். வெள்ளத்தில் நனைந்த அரிசியைப் பிள்ளைகளுக்குப் போடாதீர்கள். மனசைக் கல்லாக்கிக்கொண்டு கொட்டிவிடுங்கள்.

சேற்றில் வேலை செய்தவருக்கு அடுத்த ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். எலியின் மூத்திரம் கலந்த தண்ணீர் காலில் உள்ள சிறு கீறல் வழியாக உள்ளே போய்விடும். கடையில் மாத்திரை வாங்கிப் போட்டு நாள் கடத்தினால் சிறுநீரகமும் ஈரலும் கெடும். டாக்டரிடம் முதல் வார்த்தையாக, “வெள்ளத் தண்ணியில நின்னேன்” என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் சிகிச்சையையே மாற்றும். கொசுவையும் மறக்காதீர்கள். தேங்காய்ச் சிரட்டையிலும் பழைய டயரிலும் நிற்கும் மழைநீரை வாரம் ஒருமுறை கவிழ்த்துவிடுங்கள். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறந்து வர ஏறத்தாழ ஒரு வாரம் போதும்.

இனி நிவாரணம். இது தர்மம் இல்லை, உரிமை. சுவரில் தண்ணீர் நின்ற கோடு, சரிந்த கூரை, செத்த மாடு எல்லாவற்றையும் அப்புறப்படுத்துவதற்கு முன் போட்டோ எடுங்கள். மாடு, ஆட்டுக்குக் கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சேதமடைந்த குடிசைக்கு 8,000 ரூபாய், மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000 என்று அரசு உயர்த்தி அறிவித்தது. ஒவ்வொரு பேரிடருக்கும் வரும் ஆணையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலர் கணக்கெடுக்க வரவில்லையென்றால் தாசில்தாரிடம் எழுத்தில் கொடுங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டம் இருக்கிறது, 1100 என்ற முதல்வர் உதவி எண் இருக்கிறது.

பட்டா இல்லாத ஏரிக்கரைக் குடிசைகளும், ஊருக்கு வெளியே உள்ள இருளர் குடியிருப்புகளும்தான் இந்தக் கணக்கில் அடிக்கடி விடுபடுகின்றன. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005, பிரிவு 61: நிவாரணத்தில் சாதி, சமூகம், மதம், பால், வம்சம் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது. இந்தப் பிரிவின் எண்ணை மனுவிலேயே குறிப்பிடுங்கள். எழுதத் தெரியாதவருக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதித் தரலாம். மனு வாங்கியதற்கு ரசீது கேட்டு வாங்கி, குடும்ப அட்டையோடும் ஆதாரோடும் பாலித்தீன் உறையில் கட்டிப் பரணில் வையுங்கள்.