வீடு நமது, சாவி யாரிடம்?

வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வரும் மாமாவின் பெட்டியில் முன்பெல்லாம் பேரீச்சம்பழமும் அத்தரும் இருக்கும். இப்போது அவற்றோடு ஒரு சிறிய கமராவும், கைத்தொலைபேசியால் இயக்கக்கூடிய மின்குமிழும் சேர்ந்துவிட்டன. "வாசலில் யார் நிற்கிறார்கள் என்று நான் அங்கிருந்தே பார்ப்பேன்" என்று அவர் சொல்லும்போது வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சிதான். உம்மாவுக்கும் ஒரு பாதுகாப்பு உணர்வு ஏற்படுகிறது.

இவற்றை ஸ்மார்ட் சாதனங்கள் என்கிறோம். இவற்றால் நன்மை உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் இவற்றை வாங்கும்போது ஒரு கேள்வியை நம்மில் பலர் கேட்பதில்லை. இந்தச் சாதனத்தின் மூளை எங்கே இருக்கிறது?

சாதாரண மின்குமிழின் ஆளியை அழுத்தினால் மின்சாரம் கம்பி வழியே சென்று குமிழை ஒளிரச் செய்கிறது. எல்லாம் வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. பல ஸ்மார்ட் மின்குமிழ்களில் நடப்பது வேறு. நாம் தொலைபேசியைத் தொட்டதும் அந்தக் கட்டளை இணையத்தின் ஊடாக வேறொரு நாட்டிலுள்ள நிறுவனத்தின் சேவையகத்துக்குச் செல்கிறது. அங்கிருந்து அனுமதி பெற்று மீண்டும் நம் வீட்டுக்கு வருகிறது. அதன் பிறகுதான் பத்தடி தூரத்திலுள்ள குமிழ் எரிகிறது. இவ்வாறு தூரத்துச் சேவையகங்களில் தரவுகளை வைத்து இயக்கும் முறையையே முகிற் கணிமை, அதாவது கிளவுட் என்கிறார்கள். பெயர் முகில் என்றாலும் அது வானத்தில் இல்லை. யாரோ ஒருவருக்குச் சொந்தமான கட்டடத்தில், யாரோ ஒருவரின் கணினியில் இருக்கிறது.

அந்தக் கணினி நின்றுவிட்டால் என்ன ஆகும்? 2021 டிசம்பர் 7ஆம் திகதி அமேசன் நிறுவனத்தின் அமெரிக்கச் சேவையகங்களில் கோளாறு ஏற்பட்டது. அன்று பல வீடுகளில் கதவு மணிக் கமராக்களும், தரை துப்புரவு செய்யும் இயந்திரங்களின் செயலிகளும் வேலை செய்யவில்லை. வீட்டில் மின்சாரம் இருந்தது, சாதனத்திலும் பழுதில்லை. பழுது வேறெங்கோ இருந்தது.

அது சில மணி நேரத்துச் சிரமம். இதைவிடப் பெரிய ஆபத்து, நிறுவனமே சேவையை நிறுத்திவிடுவதாகும். அமெரிக்காவில் ரிவோல்வ் என்ற கருவி ஏறத்தாழ 300 டொலருக்கு விற்கப்பட்டது. வீட்டு மின்விளக்குகளையும் கதவுப் பூட்டுகளையும் ஒரே இடத்திலிருந்து இயக்க அது உதவியது. 2014இல் நெஸ்ட் நிறுவனம் ரிவோல்வை விலைக்கு வாங்கி, அக்கருவியின் விற்பனையை நிறுத்தியது. 2016 மே மாதத்தில் சேவையகத்தையும் மூடியது. மக்கள் பணம் கொடுத்து வாங்கிய கருவி எந்தப் பழுதும் இல்லாமலேயே பயனற்ற பெட்டியாகிவிட்டது.

2022 ஏப்ரலில் இன்ஸ்டியொன் என்ற நிறுவனத்தின் சேவையகங்கள் முன்னறிவித்தல் எதுவுமின்றி நின்றுபோயின. சில வாரங்களின் பின் அதன் வாடிக்கையாளர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து அந்நிறுவனத்தை வாங்கிச் சேவையை மீட்டனர். ஆனால் அதன் பிறகு சந்தாப் பணம் செலுத்த வேண்டியதாயிற்று. நாம் கடையில் பணம் கொடுப்பது பொருளுக்கு மட்டும்தான். அதை உயிரோடு வைத்திருக்கும் சேவை இன்னொருவரின் விருப்பத்தில் தங்கியிருக்கிறது.

பணம் போனால் மீண்டும் உழைத்துக்கொள்ளலாம். வீட்டின் அந்தரங்கம் போனால்?

2024 பெப்ரவரியில் வைஸ் நிறுவனத்தின் கமராக்கள் ஒரு தடங்கலின் பின் மீண்டும் இயங்கத் தொடங்கியபோது, சுமார் 13,000 பேரின் தொலைபேசிகளில் அந்நியர் வீட்டுக் காட்சிகள் சிறு படங்களாகத் தோன்றின. அவர்களில் 1,504 பேர் அவற்றைத் தொட்டுப் பார்த்ததாக அந்நிறுவனமே அறிவித்தது. இங்கே எவரும் களவாக நுழையவில்லை. கணினியில் ஏற்பட்ட குழப்பமே ஒருவர் வீட்டை மற்றொருவருக்குத் திறந்து காட்டியது.

2023இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு ரிங் நிறுவனத்தின் மீது கடுமையான குற்றச்சாட்டொன்றை முன்வைத்தது. வாடிக்கையாளர்களின் காட்சிகளை ஊழியர்கள் தடையின்றிப் பார்க்கக்கூடியதாக இருந்தது என்றும், ஓர் ஊழியர் பெண்களின் படுக்கையறை, குளியலறை போன்ற இடங்களிலிருந்த கமராக்களின் ஆயிரக்கணக்கான காட்சிகளைப் பார்த்தார் என்றும் அது கூறியது. ரிங் 58 இலட்சம் டொலர் செலுத்த உடன்பட்டது. பணம் கொடுத்தாலும் பார்த்த கண்களிலிருந்து பார்த்ததை அழிக்க முடியுமா?

பிறர் வீட்டினுள் நுழையுமுன் ஸலாம் கூறி அனுமதி பெறவேண்டும் என்பதை ஸூரத்துந் நூர் நமக்குக் கற்றுத் தருகிறது. வாசலில் நிற்பவரிடம் நாம் எதிர்பார்க்கும் அந்த ஒழுக்கத்தை, சுவரில் மாட்டிய கமராவிடம் எதிர்பார்க்க மறந்துவிடுகிறோம். வீட்டிலுள்ள பெண்கள் ஹிஜாப் இன்றி நடமாடும் இடத்தை ஒரு கமரா பார்த்துக்கொண்டிருந்தால், அந்தக் காட்சி எங்கே சேமிக்கப்படுகிறது என்பதை அறிவது நமது கடமை. வீட்டுக்கு வரும் விருந்தினரின் அந்தரங்கமும் நம்மிடமுள்ள அமானிதமே.

சட்டம் இதைக் கவனிக்கத் தொடங்கியிருக்கிறது. பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாச் சாதனங்களுக்கும் ஒரே இலகுவான கடவுச்சொல்லை வைத்து விற்க முடியாது. பாதுகாப்பு மேம்படுத்தல்கள் குறைந்தது எவ்வளவு காலத்துக்குக் கிடைக்கும் என்பதையும் நிறுவனம் சொல்ல வேண்டும். இலங்கையிலும் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டுள்ளது. ஆயினும் வெளிநாட்டில் வாங்கி, பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த பொருளுக்கு இங்கே முறையிடக் கடை இல்லை, உத்தரவாதமும் இல்லை. ஆகவே வாங்கும் முன் விழிப்பாக இருப்பதே மேல்.

வாங்குமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது, இணையம் இல்லாதபோது இது வேலை செய்யுமா? மின்குமிழுக்குச் சுவரில் ஆளியும், பூட்டுக்குக் கையால் திறக்கும் சாவியும் கட்டாயம் இருக்க வேண்டும்.

இரண்டாவது, காட்சிகள் எங்கே சேமிக்கப்படுகின்றன? கமராவிலுள்ள நினைவக அட்டையிலோ வீட்டிலுள்ள பதிவுக் கருவியிலோ சேமிக்கும் வசதி உள்ளதைத் தெரிவுசெய்வது நல்லது.

மூன்றாவது, மாதக் கட்டணம் உண்டா? அதைச் செலுத்தாவிட்டால் எந்தெந்த வசதிகள் நின்றுவிடும்?

நான்காவது, எத்தனை ஆண்டுகளுக்கு மேம்படுத்தல்கள் வரும்? பதில் கிடைக்காவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

ஏற்கெனவே வீட்டில் சாதனம் இருந்தால், அதனுடன் வந்த கடவுச்சொல்லை இன்றே மாற்றுங்கள். இரண்டு படிநிலைச் சரிபார்ப்பு வசதி இருந்தால் அதை இயக்குங்கள். கமராவை வாசலையும் மதிலையும் நோக்கி வையுங்கள். படுக்கையறையிலும் தொழும் இடத்திலும் அது வேண்டாம். அயலவர் வீட்டு முற்றம் அதில் தெரியாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். சாதனத்தைப் பிறருக்குக் கொடுக்கும்போது கணக்கை நீக்கி, பழைய தரவுகளை அழித்துவிட்டுக் கொடுங்கள்.

தோழியரே, நம் பெற்றோரில் பலருக்கு இந்தச் சாதனங்களைப் பொருத்திக் கொடுப்பவர்கள் நாம்தான். 'சம்மதம்' என்ற பொத்தானை வாசிக்காமல் அழுத்துபவர்களும் நாம்தான். மாமா அன்போடு கொண்டுவந்த கமராவை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. அது எதைப் பார்க்கலாம், பார்த்ததை யாரிடம் கொடுக்கலாம் என்பதை அவரும் உம்மாவும் வாப்பாவும் சேர்ந்திருக்கும்போதே பேசி முடிவெடுப்போம். வாசற்கதவின் சாவியை அந்நியரிடம் கொடுக்காத நாம், இந்தச் சாவியையும் நம் கையிலேயே வைத்துக்கொள்வோம், இன்ஷா அல்லாஹ்.