வெட்டவெளிக்கு அஞ்சும் பறவை

பூவில் தேன் குடிக்கும் சின்னஞ்சிறு பறவையைப் பார்த்திருக்கிறீர்களா? நம் ஊரில் அது தேன்சிட்டு. அமெரிக்கக் கண்டங்களில் ஹம்மிங் பறவை என்று வேறொரு பறவை உண்டு. பறக்கும்போது அதன் சிறகுகள் ரீங்காரம் செய்யும். அதனால்தான் இந்தப் பெயர். இந்தியாவில் இந்தப் பறவை கிடையாது.

ஹம்மிங் பறவைகளில் பல வகை உண்டு. அவற்றில் ஒன்று பச்சைத் துறவி. கோஸ்டா ரிக்கா என்ற சிறிய நாட்டின் மலைக்காடுகளில் இதைக் காணலாம். உடல் பச்சை நிறம். அலகு நீளமானது, கீழே வளைந்தது. எடை சுமார் 6 கிராம். ஏறக்குறைய ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தின் எடைதான்!

இதை எப்படிப் பார்ப்பது? துரத்திப் போனால் பார்க்க முடியாது. பூவின் அருகே அசையாமல் நிற்க வேண்டும். அந்தக் காட்டில் ஹெலிகோனியா என்ற செடி வளர்கிறது. அதன் இலை வாழையிலை போல இருக்கும். பூ நீண்டு வளைந்திருக்கும். பறவை பூவின் முன்னே அந்தரத்தில் நிற்கும். வளைந்த அலகு பூவுக்குள் சரியாகப் பொருந்தும். தேன் குடிக்கும்போது மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். அது அடுத்த பூவுக்குப் போய்ச் சேரும். அதனால் காய் பிடிக்கும், விதை உண்டாகும்.

தபால்காரர் தெருத்தெருவாகப் போவதுபோல, பறவை பூக்களைச் சுற்றி வரும். பொறுத்திருந்தால் அதே பூவுக்கு மீண்டும் வரும்.

அங்கே மேய்ச்சலுக்கும் காப்பித் தோட்டத்துக்கும் காட்டை வெட்டினார்கள். காடு துண்டு துண்டானது. பறவை என்ன செய்யும்? ஆராய்ச்சியாளர்கள் சில பறவைகளைப் பிடித்தார்கள். முதுகில் மிகச் சிறிய ரேடியோ கருவியை ஒட்டினார்கள். ஒன்றரை கிலோமீட்டர் வரை தள்ளிக் கொண்டுபோய் விட்டார்கள்.

காடு தொடர்ந்து இருந்த இடத்தில், பறவைகள் நேராகத் திரும்பின. நடுவே வெட்டவெளி இருந்த இடத்தில், மரங்களை ஒட்டியே சுற்றி வந்தன. ஆனால் திரும்பிய நேரத்தில் வேறுபாடு தெரியவில்லை. இது 2009-இல் வெளிவந்த முடிவு.

பறவை வராவிட்டால் யாருக்கு நட்டம்? செடிக்குத்தான். சிறிய காட்டுத் துண்டுகளில் ஹெலிகோனியாவில் விதை குறைந்தது. விதை குறைந்தால் புதுச் செடி ஏது?

இதற்கு வழி உண்டு. இரண்டு காடுகளுக்கு நடுவே மரங்கள் தொடர்ந்து இருக்க வேண்டும். அப்படி இருந்த இடங்களில் மகரந்தம் நன்றாகப் பரவியது. மனிதனுக்கு ஆற்றைக் கடக்கப் பாலம் வேண்டும். இந்தப் பறவைக்கு மரங்களே பாலம்.