வெண்ணெய் சில நாளில் கெடுகிறது. நெய் மட்டும் மாதக்கணக்கில் நிற்பது எப்படி?

வெண்ணெயில் சுமார் 80 சதவீதம்தான் கொழுப்பு. ஏறக்குறைய 16 சதவீதம் தண்ணீர்; மிச்சம் மோரின் புரதமும் பால் சர்க்கரையும். நுண்ணுயிர்களுக்கு இது சோறும் தண்ணீரும் சேர்ந்து கிடைத்தது போல.

கத்தரிக்காய் வாடிவிடும், அதையே வற்றலாக்கினால் ஓராண்டு இருக்கும். வெண்ணெய் காய்ச்சுவதும் ஒருவகையில் வற்றல் போடுவதுதான், வெயிலுக்குப் பதில் அடுப்பு.

உருகிய வெண்ணெய் ஏன் சடசடவென்று பொரிகிறது? உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகிறது. அது தீரும்வரை சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். சத்தம் அடங்கினால் தண்ணீர் போய்விட்டது. பிறகு சூடு ஏற, புரதம் சிவந்து கசண்டாக அடியில் படியும்; மணமும் அப்போதுதான் எழும். வடிகட்டிய நெய்யில் ஈரம் அரை சதவீதம்கூட இராது. நுண்ணுயிர்கள் வளர அது போதாது; அதனால் நெய்க்குக் குளிர்பெட்டி வேண்டாம்.

ஆனால் ஒரு பகை மிஞ்சுகிறது: காற்று. ஆக்சிஜன் கொழுப்பைச் சிதைப்பதால் காறல் வாடை வருகிறது; வெளிச்சமும் வெப்பமும் அதை விரைவுபடுத்தும். இறக்கும்போது போடும் முருங்கையிலை மணத்துக்கு மட்டுமன்று. அதன் சத்துகள் ஆக்சிஜனின் வேலையைத் தாமதப்படுத்தவல்லவை.

நெடுநாள் சேமிப்புக்கு நெய்யைச் சிறு பாத்திரங்களில் விளிம்புவரை நிரப்பி, இறுக மூடி, இருட்டில் வைப்பது நல்லது. ஈரக் கரண்டி உள்ளே போனால், காய்ச்சி விரட்டிய தண்ணீர் மறுபடி குடியேறிவிடும்.