அந்தத் தொடை ஏன் நீண்டுவிட்டது?

திருவனந்தபுரம் பாளையத்தில் இருக்கும் அரசு நுண்கலைக் கல்லூரி 1888இல் திருவிதாங்கூர் மன்னராட்சியில் கலைப்பள்ளியாகப் பிறந்து, 1975இல் கல்லூரியாக உயர்ந்தது. இங்கும், இதுபோன்ற எந்த ஓவியப் பள்ளியிலும் 'லைஃப் ஸ்டடி' என்றொரு வகுப்பு உண்டு. மேடையில் ஒருவர் அசையாமல் இருப்பார். பத்து நிமிடமோ இருபது நிமிடமோ கெடு. நேரம் முடிந்ததும் எல்லாப் படங்களையும் சுவரோரம் சாய்த்து வைப்பார்கள். ஆசிரியர் குறை சொல்லத் தொடங்குவார். தொடை நீண்டுவிட்டது, கண் மேலே போய்விட்டது, ஆள் விழப்போகிறார், தோல் வெளிறிவிட்டது. எந்த ஊர் வகுப்பில் கேட்டாலும் இதே பட்டியல்தான். நூறு பேர் ஒரே தவறைச் செய்தால், கோளாறு கையில் இருக்க முடியாது.

முதலில் தொடை. மாடல் நாற்காலியில் உங்களைப் பார்த்து அமர்ந்திருக்கிறார். 45 செ.மீ. நீளமுள்ள தொடை உங்கள் பார்வைக் கோட்டிலிருந்து 20 டிகிரி மட்டுமே விலகி நீண்டிருந்தால், கண்ணுக்கு அது ஏறக்குறைய 15 செ.மீ. அளவுக்கே தெரியும், மூன்றில் ஒரு பங்கு. இதற்குக் குறுக்கத் தோற்றம் என்று பெயர். மாணவர் வரைவதோ இதைவிட நீளமாக இருக்கும். தொடை எவ்வளவு நீளம் என்பது மூளைக்கு முன்பே தெரியும். விழித்திரை அனுப்பும் அளவை அது 'திருத்தி' விடுகிறது. 1931இல் ராபர்ட் தவ்லஸ் என்ற உளவியலாளர் சாய்த்து வைத்த வட்டத் தகடுகளைக் காட்டிச் சோதித்தார். விழித்திரையில் விழும் நீள்வட்டத்தைவிட உருண்டையான வடிவத்தையே எல்லோரும் கண்டார்கள்.

சந்தேகமிருந்தால் குளியலறைக்குப் போங்கள். ஆவி படிந்த கண்ணாடியில் உங்கள் முகத்தின் விளிம்பை விரலால் வரைந்து, அதை அளந்து பாருங்கள். முகத்தில் சரியாகப் பாதிதான் இருக்கும்! தள்ளி நின்று வரைந்தாலும் அதே பாதிதான். தினமும் பார்க்கிற நமக்கு ஒருநாளும் அது தெரிந்ததில்லை.

கண் மேலே போவது எளிய கதை. உச்சந்தலையிலிருந்து தாடை வரை அளந்தால் கண்கள் நட்டநடுவில் இருக்கும். நமக்கு ஆர்வமானதெல்லாம் அதற்குக் கீழே இருப்பதால், நெற்றிக்கும் தலைமுடிக்கும் உரிய இடத்தைக் கை தாராளமாகச் சுருக்கிவிடுகிறது.

அடுத்த விந்தையைப் பலர் நம்புவதில்லை: மாடலைப் பார்த்து வரைவது பெரும்பாலும் நினைவிலிருந்து வரைவதுதான். விழித்திரையின் நடுவில் மையக்குழி என்ற சிறு பள்ளம் இருக்கிறது. கூர்மையான பார்வை அங்கே மட்டும்தான். கை நீட்டிப் பிடித்த கட்டைவிரல் நகத்தின் அகலம், அவ்வளவே. தூரிகை கேன்வாஸைத் தொடும்போது கண்ணும் அங்கே வந்துவிடும்; மாடல் மறைந்துவிடுவார். கையில் இருப்பது ஒன்றிரண்டு விநாடி பழைய நினைவு. பிரிட்டிஷ் ஓவியர் ஹம்ப்ரி ஓஷன் வரையும்போது அவர் கண்ணசைவை ஜான் சாலென்கோ என்ற ஆய்வாளர் கருவி வைத்துப் பதிவு செய்தார். ஓவியரின் பார்வை வழக்கத்தைவிட நீண்ட நேரம் ஒரே புள்ளியில் நின்றது. ஒவ்வொரு முறையும் ஒரு சின்னத் துணுக்கை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பியது. 1868இல் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்த தியடோர் ஜென்சன் என்ற ஓவியர் இளம் ரவிவர்மாவுக்குக் கற்றுத்தர மறுத்து, தான் வரைவதைப் பார்க்க மட்டும் விட்டாராம். கஞ்சத்தனம்தான். ஆனால் ஒரு தேர்ந்த கண் எப்போது நிமிர்கிறது, எங்கே நிற்கிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்ப்பதே பெரிய பாடம்.

துணுக்குகளாகச் சேர்ப்பதில் ஒரு பொறி உண்டு. ஒவ்வொன்றும் சரியாக இருக்கும், மொத்தம் கோணலாகிவிடும். அதனால்தான் ஆசிரியர் 'கண்ணைச் சுருக்கிப் பார்' என்கிறார். பாதி மூடிய கண்ணில் நுணுக்கங்கள் கரைந்து, ஒளியும் நிழலும் பெரிய திட்டுகளாக மிஞ்சும். படத்தை நிலைக்கண்ணாடியில் காட்டுவதும் நல்ல உத்தி. லியனார்டோ டாவின்சியே இதைச் சிபாரிசு செய்திருக்கிறார். இடம் வலம் மாறியதும், கண்ணுக்குப் பழகிப்போன சாய்வு சட்டென்று வெளியே வந்துவிடும்.

'ஆள் விழப்போகிறார்' என்ற குறைக்கு மருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டு. எடை ஒரு காலில் இருந்தால் அந்தப் பக்க இடுப்பு உயரும், தோள் தாழும். கழுத்துக்குழியிலிருந்து நூல் விட்டால் எடை தாங்கும் கணுக்கால் அருகே விழ வேண்டும். சோழர் செப்புத் திருமேனிகளின் திரிபங்கம் என்ற மூவளைவு நிலையிலும் இந்தக் கணக்கைக் காணலாம். உயிருள்ள மாடலிடம் கூடுதல் சிக்கல் ஒன்று: அவர் சிலை இல்லை. நேராக நிற்பவர் உடல்கூட ஓயாமல் லேசாக ஆடிக்கொண்டிருக்கும்; தசை களைக்கக் களைக்க இடுப்பு இறங்கும். பாதத்தைச் சுற்றிச் சாக்பீஸ் கோடு போடுவது பாதத்தை மட்டுமே காப்பாற்றும். முதல் நிமிடத்தில் தலையையும் பதினைந்தாம் நிமிடத்தில் காலையும் வரைந்தவரின் படத்தில் இரண்டு வெவ்வேறு உடல்கள் ஒட்டியிருக்கும்.

தோல் வெளிறுவது எனக்குப் பிடித்த தவறு, ஏனென்றால் அதற்குள் இயற்பியல் இருக்கிறது. தோலின் மேற்பரப்பு, எந்த நிறத்தவராக இருந்தாலும், விழும் ஒளியில் சுமார் 5 சதவீதத்தை அப்படியே திருப்பி அனுப்புகிறது. மீதி உள்ளே புகுந்து சிதறி, மெலனினிடம் ஒரு பகுதியை இழந்து, தோலின் நிறத்தோடு வெளியே வரும். கருந்தோலில் திரும்பி வரும் இந்த ஒளி குறைவு. எனவே அதே 5 சதவீதம் பளிச்சென்று தெரியும். அந்தப் பளபளப்பின் நிறம் தோலுடையது அல்ல, விளக்கினுடையது. வடக்கு ஜன்னல் வெளிச்சமாக இருந்தால் வானத்தின் நீலம் அதில் கலந்திருக்கும். மாணவர் பழுப்பில் வெள்ளையைக் குழைத்துப் பூசுகிறார். தோல் சாம்பல் பூத்துவிடுகிறது.

இத்தனையும் பத்து நிமிடத்துக்குள் நடக்க வேண்டும். அப்படி வரைந்த படத்தில் விரல் நகம் இல்லை என்று குறை சொல்லும் ஆசிரியரை நான் நம்பமாட்டேன். எடை எந்தக் காலில், ஒளி எந்தப் பக்கம் என்ற இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டால் படம் தேறிவிட்டது; தொடையை அடுத்த போஸில் சரிசெய்துகொள்ளலாம்.