எம்.எல்.ஏ., எம்.பி. அலுவலகத்தில் யாரிடம் எதைக் கேட்பது?



உதவித்தொகை, பட்டா, மருத்துவச் செலவு, பிள்ளைகளின் படிப்பு என்று ஏதாவது ஒரு தேவைக்காக அணுபுரம், புதுப்பட்டினம், சதுரங்கப்பட்டினம் பகுதி மக்கள் எம்.எல்.ஏ. அல்லது எம்.பி. அலுவலகத்துக்குப் போகிறார்கள். அங்கே நான்கைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். யார் எதற்கு என்று தெரியாததால் அலைச்சலும், சில நேரம் பண இழப்பும் ஏற்படுகின்றன. அதைத் தவிர்க்கவே இந்த விளக்கம்.

நேர்முக உதவியாளர் (பி.ஏ.): மனுவை வாங்குவது, உறுப்பினரைச் சந்திக்க நேரம் ஒதுக்குவது, தாலுகா அலுவலகம், ஒன்றிய அலுவலகம் போன்றவற்றுக்குப் போன் செய்து நிலவரம் கேட்பது இவருடைய வேலை. தாசில்தாருக்கோ மருத்துவமனைக்கோ உத்தரவு போடும் அதிகாரம் இவருக்குக் கிடையாது.

கணினி உதவியாளர்: கடிதம் தட்டச்சு செய்பவர். எம்.பி.க்கு மாதந்தோறும் கிடைக்கும் அலுவலகப் படியான ரூ.75,000-இல் ரூ.50,000 இத்தகைய உதவியாளருக்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளது. எனவே கடிதம் எழுதித் தர நீங்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை.

பாதுகாவலர்: காவல்துறையைச் சேர்ந்தவர். உறுப்பினரின் பாதுகாப்பு மட்டுமே இவர் பொறுப்பு.

கட்சி நிர்வாகிகள்: எப்போதும் அங்கே இருப்பார்கள், உதவியும் செய்வார்கள். ஆனால் இவர்கள் அலுவலக ஊழியர்கள் அல்லர். அசல் ஆவணங்களை இவர்களிடம் ஒப்படைக்காதீர்கள்.

உறுப்பினர் தரும் பரிந்துரைக் கடிதம் உத்தரவு அல்ல. தொகுதி மேம்பாட்டு நிதியில்கூட அவர் பணியைப் பரிந்துரைக்கத்தான் முடியும். அனுமதி தருவது மாவட்ட நிர்வாகம். எம்.பி.யின் நிதி ஆண்டுக்கு ரூ.5 கோடி. இதில் வழிபாட்டுத் தலங்களுக்குள் பணி செய்ய விதி இடம் தராது. பள்ளிவாசல் கட்டடத்துக்காகக் கேட்பதைவிட, தெருச் சாலை, குடிநீர், பள்ளி வகுப்பறை போன்றவற்றைக் கேட்பதே பலன் தரும். பிரதமர் நிவாரண நிதிக்கான மருத்துவ மனுவுடன் எம்.பி.யின் கடிதத்தை இணைக்கலாம்; முடிவு பிரதமர் அலுவலகத்துடையது.

இரண்டு விஷயங்களில் கவனமாக இருங்கள். கேந்திரிய வித்யாலயாவில் எம்.பி. ஒதுக்கீடு 2022-லேயே நீக்கப்பட்டுவிட்டது. ஹஜ்ஜில் குடியரசுத் தலைவர், பிரதமர், அமைச்சர் முதலானோரின் விருப்ப ஒதுக்கீடும் 2023-இல் ரத்தானது. "எம்.பி. கோட்டாவில் சீட் வாங்கித் தருகிறேன்", "மேலிடத்தில் சொல்லி ஹஜ் இடம் வாங்கலாம்" என்று யார் பணம் கேட்டாலும் நம்பாதீர்கள். இல்லாத ஒன்றை யாராலும் வாங்கித் தர முடியாது.

செல்வாக்கைப் பயன்படுத்தி அரசு வேலையை முடித்துத் தருவதாகப் பணம் வாங்குவது, ஊழல் தடுப்புச் சட்டத்தின் 7ஏ பிரிவின்படி 3 முதல் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். லஞ்சம் கொடுப்பதும் குற்றமே. கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர்கள் 7 நாட்களுக்குள் புகார் செய்தால் சட்டம் அவர்களைப் பாதுகாக்கிறது.

போகும்போது இவற்றைச் செய்யுங்கள்:

- உங்கள் சட்டமன்றத் தொகுதி எது என்பதை வாக்காளர் அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள். நம் மக்களவைத் தொகுதி காஞ்சிபுரம்.
- ஒரு மனுவில் ஒரு கோரிக்கை மட்டும் எழுதுங்கள். முன்பே அரசு அலுவலகத்தில் மனு கொடுத்திருந்தால் அதன் எண்ணையும் தேதியையும் குறிப்பிடுங்கள்.
- இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியுடன் கையொப்பம் வாங்குங்கள்.
- நகல்களை மட்டும் கொடுங்கள்.
- வாங்கியவரின் பெயரையும் பொறுப்பையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பதில் வராவிட்டால் செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் நேரில் மனு கொடுக்கலாம். 1100 என்ற முதல்வர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். இவற்றுக்கு யாருடைய சிபாரிசும் தேவையில்லை.

நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவரின் அலுவலகம் அது. தயங்காமல் போங்கள். மனு எழுதத் தெரியாதவர்கள் நம் அறக்கட்டளைக்கு வாருங்கள்; இன்ஷா அல்லாஹ், எழுதித் தருகிறோம்.