எடை குறைந்ததும் ஏன் நின்றுபோனார்கள்?

1980-களின் நடுவில், அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் கைசர் பெர்மனென்டே மருத்துவ அமைப்பின் நோய்த்தடுப்புப் பிரிவை நடத்திவந்தவர் டாக்டர் வின்சென்ட் ஃபெலிட்டி. அவருடைய எடைக்குறைப்புச் சிகிச்சை நன்றாகவே பலித்தது. ஆனால், எடை இறங்கிக்கொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுபோனார்கள். 185 கிலோ இருந்த ஒரு பெண் ஓராண்டுக்குள் 60 கிலோவுக்கு வந்தார். பிறகு மூன்றே வாரத்தில் 17 கிலோ ஏறிவிட்டார். விசாரித்தால், உடன் வேலை பார்த்த ஒருவர் அவரிடம் ஆசை வார்த்தை பேசியிருக்கிறார். அந்தப் பெண் சிறுமியாக இருந்தபோது சொந்தத் தாத்தாவிடமே பாலியல் கொடுமைக்கு ஆளானவர்.

ஃபெலிட்டி மற்றவர்களிடமும் கேட்டார். பலரிடமிருந்தும் இதே போன்ற கதைதான் வந்தது. மருத்துவர் நோய் என்று எழுதிக்கொண்ட பருமன், அவர்களுக்குக் கவசமாக இருந்திருக்கிறது. ஆண்களின் பார்வையிலிருந்து தப்ப உடம்பைப் பெருக்கிக்கொண்டவரிடம் உணவுப் பட்டியலை நீட்டி என்ன பயன்?

ராபர்ட் ஆண்டா என்ற மருத்துவரோடு சேர்ந்து அவர் நடத்திய பெரிய ஆய்வின் முதல் கட்டுரை 1998-இல் வெளிவந்தது. அடி, வசவு, பாலியல் கொடுமை, தாய் அடிபடுவதைப் பார்ப்பது, வீட்டில் குடிநோயாளியோ மனநோயாளியோ சிறை சென்றவரோ இருப்பது எனச் சிறுவயதின் ஏழு வகை அனுபவங்களைப் பற்றிக் கேட்டார்கள். பதில் சொன்னவர்கள் பரம ஏழைகள் அல்லர். மருத்துவக் காப்பீடு உள்ளவர்கள், பெரும்பாலோர் கல்லூரிக்குப் போனவர்கள். அவர்களிலேயே பாதிக்கு மேற்பட்டோர் ஒன்றையாவது அனுபவித்திருந்தார்கள். நான்கோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்கு, எதுவுமே நேராதவர்களைவிட, குடிநோய், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு. இதய நோய் இரு மடங்குக்கும் மேல்.

பயந்த குழந்தையின் உடலில் கார்டிசால் முதலான ஹார்மோன்கள் சுரப்பது இயல்பு. ஆபத்து நீங்கினால் அவை தணியும். அச்சுறுத்துகிறவர் அதே வீட்டில் இருந்தால் எப்படித் தணியும்? ஆண்டுக்கணக்கில் நீளும் அந்த நிலை மூளையையும் நோய் எதிர்ப்பாற்றலையும் பாதிக்கிறது. வளர்ந்தபின் சிகரெட்டும் மதுவும் கொஞ்ச நேரமாவது அமைதி தருகின்றன. அவற்றை நாடுகிறவரை ஒழுக்கமில்லாதவர் என்று திட்டுவது கொடுமை என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் இதைத் தலைவிதியாகவும் கொள்ளக்கூடாது. ஒரு தனிமனிதரின் எதிர்காலத்தைக் கணிக்க இந்த அனுபவங்களின் எண்ணிக்கையைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஆண்டாவே பின்னாளில் எச்சரித்தார். ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற ஆய்வாளர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். வறுமையும் குடும்பச் சச்சரவும் சூழ வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் திறமையும் பரிவும் உள்ளவர்களாகத் தலையெடுத்தார்கள். அவர்களுக்குப் பாட்டியோ, அத்தையோ, ஆசிரியரோ, நம்பக்கூடிய ஒருவராவது துணை இருந்தார்.

உங்கள் தெருவிலோ உறவிலோ ஒரு குழந்தை வதைபடுவது தெரிந்தால், ‘அவர்கள் வீட்டு விஷயம்’ என்று ஒதுங்காதீர்கள். இந்தியாவில் குழந்தைகள் உதவி எண் 1098. கட்டணமில்லை, இரவும் பகலும் அழைக்கலாம்.